உட்கார்ந்து கணக்குப் பார்த்தவன்



வருகிற புதன்கிழமை நாம் லெந்து நாட்களுக்குள் பிரவேசிக்கிறோம். ஆண்டுதோறும் இந்த வாரத்தில் மனந்திரும்புதலைக் குறித்து உங்களுக்கு எழுதுவது என் வழக்கம். பொதுவாக எழுதுவது எளிது. ஆனால் இந்த முறை என் பெயரில் ஒரு பாக்கி நிற்கிறது. எட்டு மாதங்களாக நிற்கிறது. அதைத் தீர்க்காமல் உங்களுக்கு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

கடந்த 2025 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் லூக்கா 14-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தேன். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமை. பிரசங்கத்தின் நடுவில் ஓர் உதாரணம் சொன்னேன். அன்று ஆலயத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். "எனக்குத் தெரிந்த ஒரு வாலிபன். கல்லூரிக்குப் போகப்போகிறான். தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. படிப்புக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக்கொள் என்கிறார்கள் பெற்றோர். அவனோ, வீட்டிலிருக்கிற விளையாட்டுப் பெட்டியை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்கிறான். அஸ்திபாரம் போடுமுன் கோபுரத்துக்குக் கலசம் வாங்கப் போகிறவன் இவன்." இதுதான் நான் சொன்னது.

சபை சிரித்தது. முன்வரிசையில் இருந்த சிலர் திரும்பி, ஆலயத்தின் பின்பக்கத்தில் தூணை ஒட்டியிருக்கும் ஒளிபரப்பு மேசையைப் பார்த்தார்கள். பெயர் சொல்லாவிட்டால் என்ன? இந்தச் சேகரத்தில் போதகர் வீட்டு மகன் யார் என்பதும், அந்த ஆண்டு அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவன் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, என் முகத்தைத் திரையில் சரியாக நிறுத்துவதற்காகக் கேமராவை மாற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரலை ஓடிக்கொண்டிருந்தது நான் விளையாட்டுப் பெட்டி என்று சொன்ன அதே கணினியில்தான்.

அந்தக் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் ஆலயங்கள் அடைக்கப்பட்டபோது, வெறும் கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மீது சாய்த்து வைத்து நான் பிரசங்கம் பதிவு செய்தேன். பாதி நேரம் என் நெற்றி மட்டும் தெரிந்தது என்று பலர் அப்போது சொன்னீர்கள். மறு ஆண்டு, என் தாயார் தன் குடும்ப ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்திருந்ததைப் பேரன் கையில் கொடுத்தார்கள். அவன் ஒவ்வொரு பாகமாக வாங்கி, குருமனையின் சாப்பாட்டு மேசையில் பரப்பி, இரண்டு நாட்களில் பூட்டி முடித்தான். சனிக்கிழமை இரவில் அந்தக் கேபினெட்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போவான். நண்பன் ஒருவன் பின்னால் மானிட்டரைச் சுமந்து வருவான். ஞாயிறு மதியம் மறுபடியும் வீடு. மழைக்காலத்தில் ஒரு பழைய ஜமுக்காளம் அதன்மேல் இருக்கும். நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. வெளியூரிலும் வளைகுடாவிலும் இருந்து நம் ஆராதனையைப் பார்க்கிற பிள்ளைகள் "ஐயா, ஒளிபரப்பு நன்றாக இருக்கிறது" என்று என்னிடம் சொல்லும்போதெல்லாம் நானும் புன்னகைத்து ஏற்றுக்கொண்டேன்.

வார நாட்களில் அந்தக் கணினியில் அவன் விளையாடினான். இரவு பத்து மணிக்கு மேல் அவன் அறையிலிருந்து யாரையோ பார்த்து "இடது பக்கம் வா, இடது பக்கம் வா" என்று மெல்லிய குரலில் சொல்வது கேட்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை.

அந்த ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் அவன் ஒன்றும் பேசவில்லை. என் மனைவியும் பேசவில்லை. ஆசிரியையான அவள் பேசாமலிருந்தால் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். மாலையில் சபையின் யூடியூப் பக்கத்தில் பிரசங்கம் முழுவதுமாக ஏறியிருந்தது. வழக்கமாக இருமல், தண்ணீர் குடித்த இடம், தவறாகச் சொன்ன வசன எண் எல்லாவற்றையும் அவன் வெட்டிவிடுவான். இதை வெட்டவில்லை. ஏன் என்று அன்றிரவு கேட்டேன்.

"அது நீங்க சொன்னதுப்பா. நான் எப்படி வெட்டுறது?" என்றான்.

பிறகு தன் அறைக்குப் போய் ஒரு தாளை எடுத்துவந்து என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். பரீட்சைத் தாளைப் போலக் கோடு போட்டு, நீல மையில் எழுதியிருந்தது. மேலே, கையிலுள்ள பணம் 60,000 ரூபாய். இடது பக்கம் மேசைக் கணினி. கிராபிக்ஸ் கார்டு 29,000, பிராசசர் 10,500, எஸ்எம்பிஎஸ் 5,500, எஸ்எஸ்டி 5,000, ரேம் 3,200. மொத்தம் 53,200. வலது பக்கம் மடிக்கணினி. விளையாடவும் தகுந்தது என்றால் 59,990. படிப்புக்கு மட்டும் என்றால் 48,000. ஒவ்வொன்றுக்கும் எதிரில் கடையின் பெயர், விலை பார்த்த தேதி. அதன் கீழே, எதற்குப் பயன்படும் என்ற தலைப்பில் நான்கு வரிகள். கல்லூரிப் பாடம். ஆராதனை ஒளிபரப்பு, ஞாயிறு 3 மணி நேரம். தங்கையின் பள்ளிக்கூட வேலை. நான்காவது வரி, மற்ற மூன்றின் அளவிலேயே, சிறிதாக்காமல் எழுதப்பட்டிருந்தது: விளையாட்டு, வார நாளில் 1 மணி, சனிக்கிழமை 3 மணி.

தாளின் தேதியைப் பார்த்தேன். என் பிரசங்கத்துக்கு ஒன்பது நாட்கள் முந்தியது.

பிரியமானவர்களே, லூக்கா நற்செய்தியில் கணக்குப் பார்ப்பதற்கு வரும் கிரேக்கச் சொல், கூழாங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்தில் கூழாங்கற்களை நகர்த்தித்தான் கணக்கிட்டார்கள். அதற்கு முன்னால் 'முதலில் உட்கார்ந்து' என்று பொருள்படும் சொற்களும் இருக்கின்றன. நின்றபடி, பேசியபடி, பிரசங்கபீடத்தில் கையை வீசியபடி அந்தக் கணக்கைப் பார்க்க முடியாது. இந்த விளக்கத்தை அன்று நானே உங்களுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து கல்லை நகர்த்தியவன் அவன். நான் ஒரு கடையிலும் ஒரு விலையும் கேட்டிருக்கவில்லை.

இதைவிட என்னைத் தைத்தது வேறொன்று. ஒருவன் குற்றம் செய்தால் முதலில் அவனிடம் தனிமையில் போய்ப் பேசு என்பது மத்தேயு 18:15-இல் நம் ஆண்டவர் தந்த ஒழுங்கு. சபைச் சண்டைகளில் எத்தனை பேருக்கு அதை நான் எடுத்துக் காட்டியிருக்கிறேன்! என் மகன் செய்தது குற்றமே அல்ல, ஒரு விருப்பத்தைச் சொன்னான், அவ்வளவுதான். அதற்கு நான் சபையையே சாட்சியாகக் கூட்டிவிட்டேன். நாத்தானும் தாவீதுக்குக் கதைதானே சொன்னான் என்று என் மனம் வாதாடிப் பார்த்தது. நாத்தான் தன்னைக் கொல்ல அதிகாரமுள்ள ராஜாவின் எதிரே போய் நின்று அதைச் சொன்னான். அந்த ஆட்டுக்குட்டியில் அவனுக்குப் பங்கு ஏதுமில்லை. நானோ எனக்குக் கீழ்ப்பட்டிருக்கிற பிள்ளையைப் பற்றி, அவன் பதில் பேச முடியாத இடத்தில் நின்று, என் வீட்டு வழக்கில் நானே ஜெயிப்பதற்காகக் கதை சொன்னேன். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் தகப்பன்மாரிடம், பிள்ளைகள் மனந்தளர்ந்து போகும்படி அவர்களுக்கு எரிச்சலூட்டாதீர்கள் என்கிறார். ரோமச் சட்டம் தகப்பனுக்கு ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரம் கொடுத்திருந்த காலத்தில் எழுதப்பட்ட கடிதம் அது. அதிகாரம் உள்ளவனுக்குத்தான் அந்தக் கட்டளை வேண்டியிருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு டேப் ரிக்கார்டர் நினைவுக்கு வந்தது.

1993-இல் நான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் மாணவன். என் தகப்பனார் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தால் நல்லது என்று நான் எழுதிய கடிதத்தைப் பார்த்து, பழைய தட்டச்சுப்பொறி ஒன்று வாங்கிக்கொள்ள 1,800 ரூபாய் அனுப்பினார்கள். நான் வாங்கியது டேப் ரிக்கார்டர். கிரேக்க, எபிரெய உச்சரிப்புப் பாடங்களைப் பதிவு செய்து கேட்கப் போகிறேன் என்று வீட்டுக்கு எழுதினேன். என்னிடமிருந்த கேசட்டுகள் ஒன்றிலும் எபிரெயம் இருந்ததில்லை. இளையராஜா இருந்தார். சில மாதங்கள் கழித்துத் தகப்பனார் விடுதிக்கு வந்தபோது அது மேசைமேல் இருந்தது. சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சத்தம் தெளிவா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். தட்டச்சுப்பொறியைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகு உயிரோடிருந்த பதினோரு ஆண்டுகளிலும் கேட்கவில்லை.

நான் எபிரெயம் என்று எழுதிய இடத்தில் என் மகன் விளையாட்டு என்று எழுதியிருந்தான்.

மறுநாள் காலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு இன்னொரு தவறும் செய்தேன். "அந்த கிராபிக்ஸ் கார்டையே வாங்கிக்கோப்பா" என்றேன். அவன் மகிழ்வான் என்று நினைத்தேன். முகம் சுளித்தான்.

"நேத்து வேண்டாம்னீங்க. இன்னைக்கு வாங்கிக்கோன்றீங்க. ரெண்டு தடவையும் நீங்க தாளைப் பார்க்கலையேப்பா. எனக்குப் பரிகாரம் வேண்டாம். உட்கார்ந்து பேசுங்க."

உட்கார்ந்தோம். திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள் என்பதால் நேரம் இருந்தது. என் ஐம்பத்தைந்து வயதில் ஒரு கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் கற்றேன். அவன் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டினான்.

மேசைக் கணினியின் நன்மை, அதைப் பாகம் பாகமாகப் புதுப்பிக்கலாம் என்பது. பிராசசர் உட்காரும் இடத்தைச் சாக்கெட் என்கிறார்கள். அவனுடைய மதர்போர்டில் இருப்பது ஏஎம்டி நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த வகை. 2018-இல் வந்த பிராசசர் இப்போது அதில் இருக்கிறது. மதர்போர்டின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டால் 2022-இல் வந்த பிராசசரும் அதே இடத்தில் பொருந்தும். அது மாத்திரமல்ல, கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் வலிமை மேசைக் கணினியில் அதிகம். கிராபிக்ஸ் கார்டின் பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் மடிக்கணினிக்குள் வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் இடம் குறைவு. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயரைத் தாங்கிய மடிக்கணினிகளிலேயே, மாதிரிக்கு மாதிரி, 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை சக்தி வேறுபடுகிறது. பெட்டியின் மேல் ஒட்டிய பெயரை மாத்திரம் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்றான்.

ஆனால் மேசைக் கணினியில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் தொட வேண்டும். அவனுடைய எஸ்எம்பிஎஸ் 450 வாட். புதிய கார்டுக்குக் குறைந்தது 550 வாட் இருக்கட்டும் என்பது அதைத் தயாரித்தவர்களின் பரிந்துரை. அதனால்தான் தாளில் எஸ்எம்பிஎஸ்ஸும் இருந்தது. கார்டை மட்டும் மாற்றினால் பழைய பிராசசர் அதற்கு ஈடுகொடுக்காது. அதனால் பிராசசரும் இருந்தது. கோபுரத்தைப் பற்றிய கணக்கு இதுதான் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று அவனுக்கு உவமைகள் போதுமென்று இருந்திருக்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. விண்டோஸ் 10-க்கு அக்டோபரோடு ஆதரவு நின்றுவிடுமாமே, உன் பழைய கணினி எதற்கு உதவும் என்று செய்தித்தாளில் படித்ததை வீசினேன். அக்டோபர் 14 என்பது சரிதான், ஆனால் இந்தப் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இருக்கிறது, போன வருடமே மாற்றிவிட்டேன் என்றான். அதற்குப் பிறகு நான் கேட்கிறவனாகவே இருந்தேன்.

இரண்டு வாரங்களில் இன்னொரு கணக்கும் சேர்ந்தது. நம் சபைப் பிள்ளைகளில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரை வீட்டுக்கு அழைத்துப் பேசினோம். கலந்தாய்வில் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று அப்போது தெரியாது. ஆனாலும் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில்தான் சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தோம். அந்தத் தம்பி பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை, நேரத்தைப் பற்றிப் பேசினார். காலை ஆறே முக்காலுக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறினால் மாலை ஆறு மணி நெருங்கும்போதுதான் வீடு. மேசைக் கணினிக்குக் கிடைப்பது இரவின் மிச்சம். அதே சமயம், முதலாம் ஆண்டில் நிரல் எழுதும் வகுப்பு கல்லூரி ஆய்வகத்திலேயே நடக்கும். பொறியியல் வரைபடத்தை டிராஃப்டரை வைத்துத் தாளில்தான் வரைய வேண்டும். மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் மடிக்கணினி தினசரித் தேவையாகும். அப்போதும் விளையாட்டுக்கான மடிக்கணினியை வாங்கியவர்கள் வருந்துகிறார்கள். இயந்திரம் இரண்டேகால் கிலோ, சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல், பேட்டரி இரண்டு மணி நேரம் தாண்டாது, அறுபது பேர் இருக்கிற வகுப்பறையில் பிளக் பாயிண்ட் இரண்டோ மூன்றோதான்.

"நான் முதல் வருஷமே வாங்கிட்டேன் ஐயா. ஒரு வருஷ வாரண்டி முடியறதுக்குள்ள அதைப் பத்து தடவைகூட வகுப்புக்குக் கொண்டு போகலை" என்றார் அவர்.

நானும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் தாளில் இரண்டு பத்திகள்தாம் இருந்தன. இப்போது எதையும் வாங்காமல் இருப்பது என்ற மூன்றாவது பத்தியை நான் எண்ணவே இல்லை. அவனும் எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டான். அவனுக்கு அந்தக் கார்டின்மேல் ஆசை. எனக்கு, கல்லூரிக்குப் போகிற மகன் தோளில் மடிக்கணினிப் பையோடு போவதை ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஆம், அதுவும் இருந்தது. விசாரிக்கிறவர்களிடம் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றிருந்தது. அவனுடைய ஆசை தாளில் எழுதப்பட்டிருந்தது. என்னுடையது எங்கும் எழுதப்படவில்லை.

முடிவை அவனே எடுத்தான். ரேமும் எஸ்எஸ்டியும் மட்டும் வாங்கினான், 8,200 ரூபாய். கணினி எழுந்து நிற்க எடுத்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடம் கால் நிமிடமாகக் குறைந்தது. இரண்டு கேமராக்களை வைத்து ஒளிபரப்பும்போது திரை உறைவதும் நின்றது. மீதி 51,800 ரூபாயை அவன் அம்மா அஞ்சலகத்தில் போட்டாள். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது மடிக்கணினி என்று தாளின் அடியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். கிராபிக்ஸ் கார்டு வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

இத்தோடு முடித்திருந்தால் இது நல்ல ஞானமுள்ள கதையாக இருந்திருக்கும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். காத்திருந்தால் விலை குறையும், குறையாவிட்டாலும் அதே விலைக்கு இன்னும் நல்லது வரும் என்பதும் எங்கள் கணக்கில் ஒரு கல். கணினிகளில் பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்து வந்தது. 2025 கடைசி மாதங்களில் அது தலைகீழானது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகெங்கும் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால் ரேம் விலை ஏறியது. நாங்கள் ஜூலையில் 3,200 ரூபாய்க்கு வாங்கிய ரேம் கிறிஸ்மஸுக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் மடிக்கணினி ஏது? 48,000 என்று எழுதியிருந்த இடத்தில் அவன் பென்சிலால் புதிய விலையை எழுதி, அதையும் அடித்து, அதற்கு மேல் இன்னொன்றை எழுதியிருக்கிறான். இப்போதைய நிலையில் அஞ்சலகத்தில் இருக்கும் பணம் போதாது. நான் அன்றே வாங்கிக் கொடுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

இதைச் சொல்லி நான் வருத்தப்பட்டபோது, "அப்ப நீங்க சொன்ன காரணம் தப்புப்பா, விடை மட்டும் தற்செயலா சரியாயிடுச்சு. கணக்குப் பரீட்சையில அதுக்கு மார்க் கிடையாது" என்று சிரித்தான் அவன்.

இன்னொரு பாக்கியும் உண்டு, அது உங்களோடு சேர்ந்த பாக்கி. நான்கு ஆண்டுகளாகச் சபையின் ஒளிபரப்பு ஒரு பாட்டியின் ஓய்வூதியத்தில் வாங்கிய கணினியில் ஓடுகிறது. மின்சாரம், தேய்மானம், சனிக்கிழமை இரவு, ஞாயிறு காலை எதற்கும் நாம் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று நானும் ஒருபோதும் எழுப்பியதில்லை. எழுப்பினால் போதகர் தன் வீட்டுக்குக் கேட்கிறார் என்று சொல்வார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை எளிமை என்று எனக்குள் அழைத்துக்கொண்டேன். சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் சபைக்கென்று சொந்தமாக ஒரு கணினி வாங்குவதைப் பற்றிச் செயலர் எடுத்துக்கொள்வார். அந்தப் பொருள் பேசப்படும்போது நான் வெளியே இருப்பேன். என் மகனுக்கு இழப்பீடு எதுவும் முன்மொழிய வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். கேபினெட்டைத் தூக்குவது நின்றால் போதுமாம்.

இப்போது பிப்ரவரி. அவன் மின்னணுவியல் பிரிவில் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறான். இரவு பத்து மணிக்கு மேல் இப்போதும் சில நாட்களில் "இடது பக்கம் வா" கேட்கிறது. போன மாதம் ஒருநாள் கதவைத் தட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பேர் ஓர் அணி. ஒருவன் ஈரோட்டில், ஒருவன் கொழும்பில், இரண்டு பேர் அவனுடைய பழைய பள்ளித் தோழர்கள். நான் பார்த்தவரையில் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்; திரை இவ்வளவு வேகமாகச் சுழன்றால் எனக்குத் தலை சுற்றுகிறது. வார நாளில் ஒரு மணி என்று எழுதியதை அவன் எல்லா நாளும் காப்பதுமில்லை. பரீட்சைக்கு முந்தின வாரத்தில் அதைச் சொல்லிக் கடிந்துகொண்டேன். அவன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

அந்த ஜூன் மாதப் பிரசங்கம் இன்னும் சபையின் யூடியூப் பக்கத்தில் இருக்கிறது. உதாரணம் வருகிற பகுதியை மட்டும் நீக்கிவிடலாமா என்று கேட்டேன். "விடுங்கப்பா, முந்நூறு பேர் பார்த்தாச்சு. வேணும்னா கீழே ஒரு வரி எழுதுங்க" என்றான். ஒரு வரி போதாது என்பதால் இந்த வாரத் தியானத்தையே அதற்காக எடுத்துக்கொண்டேன். அன்று ஆலயத்தில் சிரித்தவர்கள்மேல் எனக்குக் குறையில்லை, சிரிக்கும்படி சொன்னவன் நான். என் மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பிரசங்கபீடத்தை என் வீட்டுக் காரியத்துக்குப் பயன்படுத்தியதற்காக உங்களிடமும் கேட்கிறேன்.

வெளியிடுமுன் இதை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். எஸ்எஸ்டியின் விலையை நான் 4,500 என்று எழுதியிருந்தேன். 5,000 என்று திருத்தினான். இன்னொரு பத்தியில் பழக்கதோஷத்தால் விளையாட்டுப் பெட்டி என்று மறுபடியும் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கணினி என்று போட்டான். மேற்கோள் குறிக்குள் இருந்ததை மட்டும் தொடவில்லை.